ஆறாயிரம் ரூபாயும் முக்கால் மணி நேரமும்: அன்றாட ஆங்கிலத்துக்கு எந்த வழி?

"ஐம் நாட் கிரேஸி அபவுட் திஸ் ஷேட்" என்றார் எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர், ஸ்பீக்கர் போனில். நான் நோட்டில் "நேவி: வேறு லேப் டிப்" என்று எழுதிக்கொண்டிருந்தேன், அதாவது நேவி நிறத்துக்கு வேறொரு சாயச் சோதனைத் துண்டு. பக்கத்தில் இருந்த தம்பி, என் ஜூனியர், சட்டென்று மியூட் பட்டனை அழுத்தினான். "ஏங்ணா, அவரு எதுக்கு கிரேஸிங்கறாரு? நாம மெயில்ல ஏதாச்சும் தப்பா எழுதிட்டமா?"

அவர் கோபப்படவில்லை. யாரையும் பைத்தியம் என்று சொல்லவும் இல்லை. நிறம் பிடிக்கவில்லை என்பதை நோகாமல் சொன்னார், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் அதற்கு "மாற்றி அனுப்பு" என்று பொருள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 14 வருடமாக மெர்ச்சன்டைசராக, அதாவது பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்பவனாக இருக்கிறேன். அப்போது தம்பி சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்தவன். ஆடையின் அளவும் விவரமும் உள்ள பத்துப் பக்க டெக் பேக்கைக் கொடுத்தால் ஒரு அளவு விடாமல் படித்துவிடுவான். இலக்கணத்திலும் என்னைவிடக் கெட்டி. அவன் தடுக்கி விழுவதெல்லாம் இந்த மாதிரிச் சின்னச் சின்ன பேச்சுவழக்கில்தான். ஒவ்வொரு சொல்லும் தெரியும், சேர்த்துச் சொன்னால் புரியாது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் கேட்டான். கையில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது, ரூமுக்குப் போனால் தினமும் முக்கால் மணி நேரம் கிடைக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் விசாரித்து வைத்திருக்கிறான். போனில் ஒரு ஆப் ஓடிக்கொண்டிருக்கிறது. ரூம் நண்பன் யூடியூப் போதும் என்கிறான். "எதுல போறதுங்ணா?"

இந்த வழிகளில் பலவற்றில் நானே காசையும் காலத்தையும் விட்டிருக்கிறேன். அதனால் உடனே பதில் சொல்லாமல் ஒரு வாரம் அவனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதை வைத்து அளப்பது? எத்தனை வாக்கியம் சொல்லித் தருகிறார்கள் என்று எண்ணிப் பிரயோஜனம் இல்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் எதிர்ப்படுகிறவர் "சாப்பிட்டாச்சா?" என்றால் இட்லியா தோசையா என்று விவரம் சொல்ல ஆரம்பிக்க மாட்டோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் பாட்டி திட்டுவாள், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்பாள். இந்த இரண்டையும் தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அகராதிப் பொருளை மட்டும் கொடுத்து விளக்க முடியாது. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது என்பதும் கூடவே வர வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். "ஹவ் ஆர் யூ?" என்பது அவர்களுடைய "சாப்பிட்டாச்சா?". இங்கிலாந்துக்காரர் "யூ ஆல்ரைட்?" என்பார். உடம்புக்கு என்ன ஆச்சு என்று அவர் விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்கிறார். ஆகவே எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தேன்: சொற்றொடரோடு அந்த ஆளும் இடமும் சேர்ந்து வருகின்றனவா?

ரயில் நிலையக் கடைகளில் தொங்கும் முப்பது நாள், அறுபது நாள் புத்தகங்கள் இந்தக் கேள்வியில் முதல் அடியிலேயே விழுந்துவிடுகின்றன. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், நடுவில் ஒரு கோடு. "மழை கொட்டுகிறது" என்பதற்கு எதிரே நாயும் பூனையும் மழையாகப் பொழியும். இந்த 14 வருடத்தில் எந்த பையர் வாயிலிருந்தும் அந்த நாய் பூனையை நான் கேட்டதில்லை. மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். லண்டனில் இருந்து ஒருவர் "இட்ஸ் போரிங் ஹியர்" என்றபோது, பாவம் ஆபீஸில் வேலையில்லாமல் சலித்துப்போய் இருக்கிறார் என்று நினைத்து ஏதோ ஆறுதல் சொன்னேன். அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சலிப்புக்கும் கொட்டுவதற்கும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே போரிங்தான். நம் பகரம் ஒன்றை வைத்துக்கொண்டு அவர்களுடைய இரண்டு ஒலிகளைச் சமாளிக்கிறோம், காதும் அதற்கே பழகிவிடுகிறது.

ஆனால் புத்தகம் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதி என்று ஒரு வகை உண்டு. அதை நம் ஊரில் பலர் திறந்தே பார்ப்பதில்லை. இதன் வரலாறும் சுவையானது. டாக்காவில் பல வருடம் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், விளக்கம் எழுதவே 1490 சொற்கள்தான் என்று வரம்பு போட்டுக்கொண்டு 1935இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் கூட்டாளிகளோடு தொகுத்தது 1942இல் டோக்கியோவில் அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக உலகம் முழுக்கப் போனது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவனுக்கு ஆங்கிலத்தில் எது கடினம் என்று தெரியாது. அது தெரிந்தது டாக்காவிலும் டோக்கியோவிலும் வகுப்பெடுத்தவர்களுக்குத்தான். அந்த வழியில் வந்த ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இன்று இணையத்தில் இலவசம். பழசாகிப் போனது, நண்பர்களிடம் மட்டும் சொல்வது, அலுவலகத்தில் சொல்வது, இந்தியாவில் மட்டும் புழங்குவது என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே சீட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தச் சீட்டைப் பார்க்காமல் பொருளை மட்டும் படிப்பவர்கள்தான் அதிகம்.

இந்தியாவில் மட்டும் என்ற அந்தச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். பதில் போடுங்கள் என்பதற்கு நாம் "ரிவர்ட்" என்போம். மெயிலின் கடைசி வரியில் "ப்ளீஸ் ரிவர்ட்" என்று போடாவிட்டால் கை ஓயாது. இந்தியாவுக்கு வெளியே பலருக்கு அந்தச் சொல்லின் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. ஒருமுறை "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த கலர்" என்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: பழைய நிறத்துக்கே திரும்பச் சொல்கிறீர்களா, ஏன், புதியதில் என்ன பிரச்சினை? டையிங் யூனிட்டில் அதற்குள் துணி இறங்கியிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். "டூ த நீட்ஃபுல்" பற்றியும் இதையே சொல்லலாம். அது வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸில் இருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆங்கிலம். சென்னைக்கோ மும்பைக்கோ எழுதினால் ஒரு குறையும் இல்லை. அதைத் தப்பு என்று சொல்லிக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வெளிநாட்டு பையருக்கு மட்டும் என்ன வேண்டுமோ அதை நேராகக் கேட்பதே நல்லது. இன்னின்ன சாம்பிளை வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எழுதினால் வேலை முடிந்தது.

சரி, வகுப்புக்கு வருவோம். தம்பி விசாரித்த இடத்தில் மூன்று மாதத்துக்கு ஆறாயிரம் கேட்டார்கள். அதாவது அவன் கையில் இருந்தது முழுக்க. வேலைக்கு வருவதற்கு முன் நானும் இப்படி ஓர் இடத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து "மைசெல்ஃப்" என்று தொடங்கி அறிமுகம் செய்துகொண்டோம். சொல்லிக் கொடுத்தவரே அப்படித்தான் தொடங்கினார். முப்பது பேர், ஒரு மணி நேரம். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினாலே நேரம் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் மற்றவர் தப்பைக் கேட்டுக்கொண்டிருப்பது. மூன்று மாத முடிவில் என் பயம் போனது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊமையாக உட்கார்ந்திருப்பவனுக்கு வாய் திறக்க வைக்க வகுப்பு மாதிரி வேறில்லை. ஆனால் அங்கே கற்ற சொற்றொடர்கள் எல்லாம் திருப்பூர்க்காரர் திருப்பூர்க்காரரிடம் பேசும் ஆங்கிலம். தம்பிக்கு வாய் திறக்கும் பிரச்சினையே இல்லை. மியூட்டை அழுத்திவிட்டு என்னிடம் கேட்கிற அளவுக்குத் தைரியம் இருக்கிறது. அவனுக்கு அந்த ஆறாயிரம் வீண் என்று எனக்குத் தோன்றியது.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு விடையில் ஒன்றைத் தொடுவதும், கலைந்த சொற்களை வரிசையில் அடுக்குவதும் பஸ்ஸில் பொழுதுபோக நல்லது. தம்பி 130 நாள் விடாமல் தொட்டிருக்கிறான், அதில் பெருமை வேறு. பார்த்தால் தெரிகிறது, வாயில் வரவில்லை. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு உதவும், அவன் அதைத் தாண்டிவிட்டான்.

கேட்பது வேறு கதை. பிபிசி 1943இலிருந்து வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறது. இன்று அவர்களுடைய பாடங்கள் இணையத்திலும் பாட்காஸ்டிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் சுமார் மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு பேச்சுவழக்கை மட்டும் எடுத்து, இரண்டு பேர் பேசிக் காட்டி, இன்னும் சில இடங்களில் பொருத்திக் காட்டும் தொடர் ஒன்று உண்டு. என் கேள்விக்கு அது பாதி விடை சொல்லிவிடுகிறது. பேசுபவர் யார், என்ன மனநிலையில் சொல்கிறார் என்பது குரலிலேயே வந்துவிடுகிறது. யூகிளிஷ் என்றொரு தளமும் இருக்கிறது. ஒரு சொற்றொடரைத் தட்டினால், யூடியூப் வீடியோக்களில் யார் யார் அதைச் சொல்லியிருக்கிறார்களோ அந்த நொடியிலிருந்து ஓட்டிக் காட்டும். தம்பிக்கு "நாட் கிரேஸி அபவுட்" என்று தட்டிக் காட்டினேன். நாலைந்து பேர் வரிசையாகச் சொன்னார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை, பாதிப் பேர் தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்னார்கள். "ஓ, இவ்வளவுதானா" என்றான். நான் பத்து நிமிடம் விளக்கியும் ஏறாதது அங்கே ஏறிவிட்டது.

கேட்பதில் உள்ள குறை, யாரும் உங்களிடம் கேள்வி கேட்பதில்லை. தலையாட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் ஓடிவிடும். பேசுபவர் சொல்லி முடிப்பதற்குள் கூடவே, அவர் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் ஒட்டும். ரூமில் மற்ற மூன்று பேர் சிரிக்கிறார்கள் என்று தம்பி மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

அப்புறம் ஏஐ. இப்போது எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "நீ ஒரு பையர், ஷிப்மென்ட் ஒரு வாரம் தாமதம், எரிச்சலோடு என்னிடம் பேசு" என்றால் பேசும். ராத்திரி பதினொன்றுக்கும் அலுக்காது, எத்தனை முறை தப்பு விட்டாலும் சிரிக்காது. வகுப்பில் கிடைக்காத நேரம் முழுக்க இதில் கிடைக்கும். ஆனால் மூன்று விஷயம் கவனித்தேன். எரிச்சலாகப் பேசு என்றாலும் இரண்டு வரியில் சாந்தமாகிவிடுகிறது, நிஜ பையர் அப்படி ஆவதில்லை. நாம் என்ன எழுதினாலும் பிரமாதம் என்று ஆரம்பிக்கிறது. எழுதித் தரச் சொன்னாலோ ஒரு வரியில் முடிய வேண்டியதை மூன்று பத்தியாக இஸ்திரி போட்டு நீட்டுகிறது. அந்த மெயிலைப் பார்த்ததும் அது தம்பி எழுதியது இல்லை என்று பையருக்கே தெரிந்துவிடும். இன்னொன்று, பையரின் மெயிலை விலையோடு அப்படியே அதில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். அது வேலைக்கே உலை வைக்கும்.

இதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எங்கள் இரண்டு பேர் முன்னாலும் இருந்த ஒன்று கண்ணில் பட்டது. அவனுடைய இன்பாக்ஸ். எட்டு மாதத்து மெயில்கள், அவனுக்கே எழுதப்பட்டவை, எழுதியவரை அவனுக்குத் தெரியும், எதற்காக எழுதினார் என்பதும் தெரியும், அடுத்து என்ன நடந்தது என்பதும் தெரியும். நான் போட்ட கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் புத்தகம் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து அறுபது மெயிலைத் துழாவினோம். இருபதுக்கு மேல் கிடைத்தது. "நாட் க்வைட் தேர் யெட்" என்று ஒரு பிபி சாம்பிளை (உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி) பற்றி எழுதியிருந்தார்கள். கிட்டத்தட்ட வந்துவிட்டது, பாராட்டுகிறார்கள் என்று தம்பி நினைத்திருக்கிறான். அது ரிஜெக்ட். "சூனர் ரேதர் தேன் லேட்டர்" என்றால் சீக்கிரம் என்று படித்திருக்கிறான். அதை அனுப்பிய பையர் அம்மா எழுதினால் இன்றைக்கே என்று அர்த்தம். "த டிலிவரி லுக்ஸ் எ பிட் டைட்" என்பதற்கு இவன் அளவுப் பட்டியலைத் திறந்து மார்புச் சுற்றளவைச் சரிபார்த்திருக்கிறான். பனியன் கம்பெனியில் டைட் என்றால் வேறு என்னத்தைப் பார்ப்பான்? தேதியைத்தான் இறுக்கமாக இருக்கிறது என்றார்கள்.

இதற்கும் ஒரு குறை உண்டு. எழுத்தில் இருப்பது பேச்சில் எப்படி ஒலிக்கும் என்று மெயில் சொல்லாது. அதற்குத்தான் யூகிளிஷ். மெயிலே வராத வேலையில் இருப்பவர்களுக்கும் இது உதவாது. இன்டர்வியூவுக்குத் தயாராகும் கல்லூரிப் பிள்ளைக்கு என் யோசனை வேறு. கேள்விகள் முன்கூட்டியே தெரிந்தவை, பதற்றம்தான் எதிரி. அவர்கள் வகுப்பில் சேரலாம், பத்துப் பேருக்கு மேல் இல்லாத வகுப்பாகப் பார்த்து. வெளிநாடு போகிறவர்கள் போகும் நாட்டின் பேச்சை மட்டும் கேட்டுப் பழகினால் போதும். கூட்டத்தில் ஒரு விஷயத்தை "டேபிள்" செய்வோம் என்றால் இங்கிலாந்தில் இப்போதே பேசுவோம் என்று பொருள், அமெரிக்காவில் இப்போதைக்குத் தள்ளி வைப்போம் என்று பொருள். இரண்டையும் கலந்து கற்றால் இரண்டு இடத்திலும் திண்டாட்டம்.

சேர்த்து வைத்ததை மறக்காமல் இருப்பது அடுத்த சிக்கல். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானியரான எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்த்தால் நிற்கும். அங்கி என்ற செயலி அந்தக் கணக்கை நமக்காகப் போட்டுத் தரும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. அட்டை எழுதும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதினால் அது மறுபடியும் ரயில் நிலையப் புத்தகம்தான். நாங்கள் முன்பக்கத்தில் இடத்தை எழுதினோம். "பையர் லைனில் இருக்கிறார், ஃபைல் திறக்க நேரமாகிறது, என்ன சொல்வாய்?" திருப்பினால் "பியர் வித் மீ எ மொமென்ட்". இன்னொரு அட்டை அவனாகவே எழுதியது. அதற்குப் பின்னால் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒருநாள் பையர், "டூ யூ மைண்ட் இஃப் வீ மூவ் த கால் டு ஃபைவ்?" என்று கேட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு மாற்றினால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பது கேள்வி. இவன் மரியாதையாக "யெஸ் சார், யெஸ்" என்றிருக்கிறான். அந்தப் பக்கம் இரண்டு நொடி அமைதி. பிறகு "ஓ, ஓகே, லெட்ஸ் கீப் இட் அட் ஃபோர்" என்று அவரே தன் வசதியை விட்டுக்கொடுத்திருக்கிறார். அட்டையின் பின்பக்கத்தில் இப்போது "நாட் அட் ஆல்" என்று இருக்கிறது, சிவப்பு மையில்.

கடைசியில் தம்பி எடுத்த முடிவு இது. வகுப்பு வேண்டாம், ஆப்பை அழித்துவிட்டான். 130 நாள் போச்சே என்று இரண்டு நாள் முகம் வாடியிருந்தது. முக்கால் மணி நேரத்தில் கால் மணி அட்டை, கால் மணி கேட்பது, கால் மணி அன்றைய மெயிலில் இருந்து இரண்டு சொற்றொடர் எடுத்து அகராதியில் சீட்டைப் பார்த்து எழுதுவது. ஆறாயிரத்தில் பாதியை, கோவையில் கல்லூரி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் தனியாகப் பேசக் கொடுக்கிறான். அவர் பாடம் எதுவும் நடத்துவதில்லை, அவன் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு பையராக நடிக்கிறார். ஏஐ செய்ததைத்தான் இவரும் செய்கிறார், ஆனால் சாந்தமாவதில்லை. மீதி மூவாயிரம் ஊருக்குப் போய்விட்டது, அவன் தங்கைக்கு ஸ்கூல் பீஸ்.

நான் எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில் நாற்பத்து மூன்று அட்டைதான். அந்த ரயில் நிலையப் புத்தகம் இதற்குள் முடிந்து இரண்டாவது ரவுண்டு போயிருக்கும்.

போன வியாழக்கிழமை அதே பையர் அழைத்தார். நான் வேறொரு லைனில் இருந்தேன், ஒரு காது மட்டும் அங்கே. ஷேட் ஓகே, நெக் ஓகே என்று வந்தார். பிறகு, "ஐம் நாட் கிரேஸி அபவுட் த பட்டன்ஸ், தோ" என்றார். திரும்பிப் பார்த்தேன். தம்பியின் கை மியூட் பட்டன் பக்கம் போகவே இல்லை. இன்னொரு கையால் பட்டன் சப்ளையர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.